கீழே நின்றவன்

— சரியா ஞாபகம் இல்ல யோகா. அம்பாங்ல ஈயம் தோண்டின குட்டை ஓரமா நாங்க ஏறுற கல்லு ஒண்ணு இருந்திச்சே, அது குட்டையப் பாத்து சாஞ்சிருந்திச்சா, ரோட்டப் பாத்து சாஞ்சிருந்திச்சா? இவ்வளவு நாளா குட்டைன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். இப்ப சந்தேகமா இருக்கு.

— அங்க இப்ப வரிசை வீடு கட்டி ஆள் குடி வந்தாச்சு, விஜயன் அண்ணே. எந்தப் பக்கம் சாஞ்சிருந்தா என்ன? நான் வந்தது வீடியோ டேப்புக்கு.

— தே ஓ ஆறுது. தேத்தண்ணியக் குடி முதல்ல.

— குடிச்சாச்சு. போன ஞாயிறு வந்தேன், தூங்குறேன்னு சன்னல் வழியா சொன்னீங்க. அதுக்கு முந்தி வந்தப்ப வீடு பூட்டிக் கிடந்திச்சு. பிரிக்பீல்ட்ஸ்ல ரயில் ஏறினா போர்ட் கிள்ளான் கடைசி ஸ்டேஷன் அண்ணே. கடைசி வரைக்கும் வந்து, வெறுங்கையோட திரும்பிப் போறேன்.

— ராத்திரி ஷிப்டு லா. கப்பல் வந்தா கன்டேனர் கட்டணும், அவுக்கணும். கப்பல்காரனுக்கு ஞாயித்துக்கிழமை தெரியாது.

— ஓம், விளங்குது. ஆனா நீங்க இரவல் வாங்கின டேப் எங்க கல்லேறுற கிளப்போடது. பிள்ளைங்களுக்குப் போட்டி நெருங்குது.

— என்னா போட்டி? பலகைச் சுவத்துல பிளாஸ்டிக் கல்லத் திருகி வெச்சு.

— சின்ன உயரம், கயிறு கிடையாது, கீழ மெத்தை. நீங்களும் கனகலிங்கமும் அந்தக் காலத்துல அம்பாங்ல செஞ்சதுதானே? இப்ப அதுக்கு போல்டரிங்னு பேர் வெச்சிருக்கான்.

— அப்ப பேரும் கிடையாது, மெத்தையும் கிடையாது. அவன் மேல ஏறுவான். நான் கீழ நின்னு கைய நீட்டுவேன். நான்தான் மெத்தை.

— அந்தக் கனகலிங்கம் இன்னைக்கு இங்கிலாந்துல பெரிய பயிற்சியாளர். அவர் சொல்லிக் குடுக்கிற டேப்பை வெள்ளைக்காரன் காசு குடுத்து வாங்கிப் பாக்கிறான். நம்ம பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ்ல பிறந்த ஆளு. நம்ம பிள்ளைங்க பாக்க வேணாமா?

— பாத்து?

— பாத்து என்ன? முன்னேறத்தான்.

— முன்னேறினாங்களா? என் கைக்கு வர்றதுக்கு முந்தி உங்க கிளப்புல சனிக்கிழமைக்கு சனிக்கிழமை அதத்தானே போட்டுப் பாத்தீங்க. யாரு முன்னேறினா, சொல்லு.

— சந்திரகலா.

— அது டேப் பாக்காட்டியும் ஏறும். நாலு மாடி பிளாட்டுல கைப்பிடிக் கம்பியப் புடிச்சே வளந்த பிள்ள. வேற யாரு?

— கார்த்திகேசு. அவன் நிக்கிறது, இடுப்பத் திருப்புறது, கால் வைக்கிறது, எல்லாம் அச்சு அசல் கனகலிங்கம். பாத்தா நீங்களே ஆடிப் போயிருவீங்க.

— ஏறுறானா?

— பழகிட்டிருக்கான்.

— ஏறுறானா லா?

— பாதியில விழுந்திடுவான்.

— அதான். பாதி வரைக்கும் கனகலிங்கம். அதுக்கு மேல கார்த்திகேசு.

— அப்படிச் சொல்லிட முடியாது அண்ணே. எனக்கே உதவியிருக்கு. காலைச் சத்தமில்லாம வைக்கணும்னு சொல்றார் பாருங்க, அதக் கேட்ட பிறகுதான் எனக்குக் கால் வழுக்குறது நின்னுச்சு.

— நீ புது சப்பாத்து வாங்கின மாசம் அது.

— ரெண்டும் சேர்ந்துதான்.

— சரி, சப்பாத்துக்குப் பாதி குடு. அப்புறம் அந்த ஐஸ் பெட்டிக் கதை? கல்லு குளிர்ந்திருக்கணும், கை குளிர்ந்திருக்கணும்னு டேப்புல சொன்னான்னு, உங்க பிரசிடெண்ட் விநாயகமூர்த்தி பாசார்ல மீன் பெட்டி வாங்கியாந்து ஐஸ் ரொப்பி, பிள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சு கைய விட்டு எடுக்கச் சொன்னாரே.

— அது உங்களுக்கு யார் சொன்னா?

— ஊரே சொல்லிச்சு. அத்தனையும் வழுக்கி விழுந்துச்சுங்க. கையில மீன் வாடை வேற.

— அவருக்கு அக்கறை அண்ணே. தப்பா எடுத்துக்கிட்டார், அவ்வளவுதான்.

— தப்பு அவருது இல்ல. டேப்புல பேசுறவன் குளிர் தேசத்துல நின்னு பேசுறான். அங்க கை காஞ்சிருக்கும். இங்க சோக்குப் பொடி போட்ட கையோட நீ நிமிந்து பாக்கிறதுக்குள்ள வேர்வையில அது களிமண்ணாயிரும். அவன் இங்க பொறந்தவன்தான், அவனுக்குத் தெரியும். ஆனா யாருக்குச் சொல்றோம்னு அவனுக்குத் தெரியாதுல்ல? எதுக்கால இருக்கிறது கேமரா.

— அதுக்காக ஒண்ணுமே பிரயோசனம் இல்லன்னு சொல்லலாமா?

— ஏறத் தெரிஞ்சவனுக்கு நாலு விசயம் கிடைக்கும். அவனுக்கு அவன் தப்பு ஏற்கனவே தெரியும், எதத் தேடணும்னு தெரியும். தெரியாதவன் என்ன பாப்பான்? அழகத்தான் பாப்பான். இப்ப நான் கீழ நிக்கிறேன்னு வெய்யி. நீ கால் வெக்கிறதுக்கு முந்தியே உன் முட்டி நடுங்குறது எனக்குத் தெரியும். 'இன்னைக்கு வேணாம், எறங்கு'ன்னு சொல்லுவேன். டேப்பு சொல்லுமா?

— சொல்லாது.

— நீ அவனப் பாக்கலாம் யோகா. எத்தன வாட்டி வேணும்னாலும் பாக்கலாம். அவன் உன்னப் பாக்க மாட்டான். என்னா பாக்கிற?

— அப்ப நீங்க வாங்க அண்ணே.

— எங்க?

— கிளப்புக்கு. டேப் வேணாம், இங்கேயே இருக்கட்டும். சனிக்கிழமை நீங்க வந்து கீழ நில்லுங்க. முட்டி நடுங்குதா, இடுப்பு விலகுதா, நீங்க பாத்துச் சொல்லுங்க. பிரசிடெண்டுகிட்ட நான் கதைக்கிறேன்.

— நான் வர மாட்டேன்.

— ஏன்?

— கை போச்சு. கன்டேனர் கம்பி முறுக்கி முறுக்கி, இங்க பாரு, இந்த விரல் மடங்காது.

— ஏறச் சொல்லேல்லையே. நிக்கத்தானே சொல்றேன்.

— நின்னது போதும் லா.

— சரி. டேப்புல பிரயோசனம் இல்லங்கிறீங்க. நீங்களும் வர மாட்டீங்க. கோபிக்காதீங்க, ஒண்ணு கேக்கிறேன். நீங்க இப்ப எங்கயாவது கல்லேறப் போறீங்களா? தனியா?

— இல்ல.

— கடைசியா எப்ப ஏறினீங்க?

— அவன் போறதுக்கு முந்தின வாரம்.

— கனகலிங்கம் போனது எண்பத்தொண்ணு. நான் அப்ப பள்ளிக்கூடத்துல படிச்சிட்டிருந்தேன். அதுக்குப் பிறகு கல்லுல கையே வைக்கலையா?

— ம்.

— கையே வைக்காத ஆளுக்குப் பயிற்சி டேப் எதுக்கு? சொல்லுங்க அண்ணே.

— மழை வரப் போவுது. சன்னல் துணிய எடுத்துட்டு வரேன், இரு.

— துணியெல்லாம் நான் வரும்போதே உள்ளதான் கிடந்திச்சு. உக்காருங்க. சரி, இப்படிச் செய்வோம். பிரிக்பீல்ட்ஸ்ல வீடியோ கடை சபாபதி நமக்குத் தெரிஞ்ச ஆள். இன்னைக்குக் கொண்டு போய் காப்பி எடுத்து, புதன்கிழமை நானே கொண்டாந்து தந்திர்றேன். கிளப்புக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு.

— காப்பியில சத்தம் தேஞ்சிரும்.

— சத்தமா?

— படம் கூட பரவால்ல. சத்தம் தேஞ்சிரும். இரைச்சல் ஏறிக்கும்.

— அவர் இங்கிலீஷ் பேசுறதக் கேட்டா மூக்கால பேசுறான், காது வலிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?

— சொன்னேன்.

— பிறகு சத்தம் உங்களுக்கு எதுக்கு? எனக்குத் தெரியும் அண்ணே.

— என்னா தெரியும் உனக்கு?

— ஆரம்பத்துலயே அவர் ஒண்ணு சொல்றார். எனக்குச் சொல்லித் தர யாரும் இருக்கல, நான் வளர்ந்த ஊர்ல தனியாத்தான் ஏறிப் பழகினேன்னு. கிளப்புல அத முதல்தரம் கேட்டப்ப, தெரிஞ்சவங்க எல்லாரும் உங்கள நெனச்சாங்க. பிரசிடெண்ட் மெதுவா எழும்பிப் போய் சத்தத்தக் குறைச்சார். அது உங்களுக்குக் குத்துது. குத்தாம இருக்காது. அதத்தான் போட்டுப் போட்டுக் கேக்கிறீங்க.

— இல்ல.

— இருந்தாலும் தப்பில்ல.

— இல்லன்னு சொல்றேன்ல. தனியான்னு சொல்றது வியாபாரம். அப்படிச் சொன்னாத்தான் டேப் விக்கும். அதுல எனக்குக் கோவம் கிடையாது.

— அப்ப எதுல கோபம்?

— எதுலயும் இல்ல. சொல்லாம போனான், அது ஒண்ணுதான். அதுவும் கோவம் இல்ல. என்னான்னு சொல்லத் தெரியல.

— சொல்லாமயா போனார்? ஒண்ணா ஏறினவங்க.

— அந்த ஞாயித்துக்கிழமை நான் வழக்கம் போல கல்லுக்குப் போயிட்டேன். அம்பாங் பஸ் எறங்கி, கடையில நாசி லெமாக், தேங்காப்பால் சோறு, ரெண்டு பொட்டலம் கட்டிக்கிட்டு. அவனுக்கு சம்பல் தனியா வெக்கணும், இல்லாட்டி சோறு சிவந்திரும்னு கத்துவான். உக்காந்திருந்தேன். ஈயக்குட்டையில சீனப் பையனுங்க மீன் புடிச்சிட்டிருந்தானுங்க. வெயில் கல்லுல ஏறி, கல்ல விட்டு எறங்கிப் போச்சு. அவன் வரல.

— பிறகு?

— ஒரு பொட்டலம் நான் சாப்பிட்டேன். ஒண்ண மீன் புடிக்கிறவனுங்களுக்குக் குடுத்தேன். மழையில நனைஞ்சுக்கிட்டே பிரிக்பீல்ட்ஸ் போனேன். காச்சல் கீச்சலோன்னு நெனச்சேன். அவன் அக்கா இராசேஸ்வரி வாசல்ல நின்னுச்சு. 'தம்பி வெள்ளிக்கிழமையே பிளேன் ஏறிட்டானே, உங்களுக்குச் சொல்லலையா'ன்னு கேட்டுச்சு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— 'சொன்னான்க்கா, நான்தான் கிழமைய மறந்துட்டேன்'னு சொன்னேன். துண்டு குடுத்துச்சு, தலையத் தொடைக்க. தொடைச்சுட்டு வந்துட்டேன்.

— சண்டை ஏதாவது?

— அதத்தான் நானும் இத்தன வருசமா தேடிப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல. முந்தின வாரம் கூட, போகும்போது 'வர்ற ஞாயிறு அந்த எடப்பக்கத்து முனையப் பாப்போம்'னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினான். வேணும்னு பொய் சொன்னானா, சொல்ல முடியாம சொன்னானா, தெரியல. அவங்க சிலோன்காரங்க, வீட்டுல படிப்பு, ரயில்வே ஆபீஸ் உத்தியோகம், வெளிநாடு. எங்க வீட்டுல ரயில் தண்டவாளம் போட்ட பரம்பரை. அதா இருக்குமோன்னு கூட ஒரு காலத்துல நெனச்சேன்.

— எங்கட சிலோன் ஆக்கள்ல அப்படி நினைக்கிறவங்க இருந்தாங்கதான். இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்.

— அவன் அப்படி இல்ல யோகா. அது தெரியும். அதனாலதான் ஒண்ணும் விளங்கல.

— அண்ணே, இதெல்லாம் கேட்ட பிறகு எனக்கு இன்னும் குழப்பமாத்தான் இருக்கு. இப்படிப் போன மனுசர் முகத்தத் தினமும் டிவியில போட்டுப் பாப்பீங்களா?

— முகத்தப் பாக்கிறது இல்ல.

— பிறகு?

— நீங்க கிளப்புல முழுசாப் பாத்திருக்கீங்களா? ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும்?

— ஓம், எத்தன தரம்.

— விழுற பாகம்?

— அது… விழுறது எப்படின்னு ஒரு பகுதி வரும். அத மட்டும் ஓட்டிடுவோம். விநாயகமூர்த்தி ஐயா அபசகுனம்னு சொல்வார். பிள்ளைங்க ஏறப் போற நேரத்துல விழுறத எதுக்குக் காட்டணும்னு, அந்த இடம் வந்தாலே ரிமோட்டத் தூக்கிருவார். சாமி கும்பிட்டுத்தான் டேப்பே போடுவோம்.

— ஐஸ் பெட்டிக்கு அப்புறம் அவர் செஞ்ச பெரிய தப்பு அது. மத்ததெல்லாம் காட்டி அத மட்டும் மறைச்சா, பிள்ளைங்க எப்படி விழும்? கை நீட்டி விழும். மணிக்கட்டு போயிரும். அந்த டேப்புல உருப்படியான எடம் அது ஒண்ணுதான்.

— நான் பாத்ததில்ல.

— தள்ளி உக்காரு. சன்னலச் சாத்து, கப்பல் ஊதினா கேக்காது.

— டேப் உள்ளயே இருக்கு.

— அது எப்பவும் உள்ளதான் இருக்கும். முன்னால கொஞ்சம் பேசுவான். முட்டிய மடக்கு, கையப் பின்னால ஊனாத, உருண்டு போன்னு. நாலஞ்சு வாட்டி வேணும்னே விழுந்து காட்டுவான். அதெல்லாம் நாடகம். அதுக்கப்புறம் ஒண்ணு வரும்.

— படத்துல கோடு கோடா விழுதே. மத்த இடமெல்லாம் சுத்தமா இருந்திச்சு.

— அந்த எடம் தேஞ்சு போச்சு. ரீவைண்ட் பண்ணிப் பண்ணி. கொஞ்ச நாள்ல டேப் அறுந்தாலும் அறுந்துரும்.

— கிளப் டேப் அண்ணே.

— தெரியும். இப்பப் பாரு. பெரிய பாறை. இங்க நாடகம் இல்ல, நெசமாவே ஏறுறான். கீழ ஒரு வெள்ளைக்காரன் கை நீட்டி நிக்கிறான் பாரு. கால் பாரு. வலது கால்.

— சத்தமே இல்லாம வைக்கிறார்.

— வெச்சுட்டான். ஆனா அந்தக் கால் நிக்காது. இப்பப் பேசாத.

— …

— …

— விழுந்துட்டார்.

— கேட்டிச்சா?

— ஏதோ கத்தினார். மறுபடி போடுங்க.

— சத்தத்தக் கூட்டுறேன். நீ கண்ண மூடிக்க. நான் அப்படித்தான் கேக்கிறது.

— …

— கேட்டிச்சா?

— அண்ணே.

— நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு. உனக்கு என்னா கேட்டிச்சு?

— 'விஜயா'ன்னு கூப்பிட்டார்.

— நெசமாவா? நான் சொன்னேன்னு சொல்லலையே?

— நீங்க எங்க சொன்னீங்க? தெளிவாக் கேக்குது. 'விஜயா, பிடி'. தமிழ்தான். இங்கிலீஷ் டேப்புல அது ஒண்ணுதான் தமிழ்.

— அப்ப எனக்கு மட்டும் கேட்டது இல்ல.

— இல்ல அண்ணே. எனக்கும் கேட்டிச்சு.

— தனியா இருக்கிறவனுக்கு நெறைய கேக்கும் யோகா. ஷிப்டு முடிஞ்சு வந்து, பொஞ்சாதி இல்ல, பிள்ள இல்ல, இத ஒண்ணப் போட்டுக்கிட்டு உக்காந்தா, மண்டைக்குள்ள இருக்கிறது எல்லாம் டிவியில வர்ற மாதிரி இருக்கும். யாரையாவது கூட்டியாந்து காட்டணும்னு தோணும். காட்டி, அவன் ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிட்டா? அதான் கதவத் தொறக்கல.

— அந்த வெள்ளைக்காரன் பிடிச்சிட்டான்.

— நல்லாத்தான் புடிச்சான். குறை சொல்ல முடியாது. ஆனா அவனுக்கு என்னா தெரியும், தன்னக் கூப்பிடலன்னு. ஏதோ வலியில கத்துறான்னு நெனச்சிருப்பான். டேப் எடுத்தவனுக்கும் தெரியல. தெரிஞ்சிருந்தா வெட்டியிருப்பான்.

— அந்தக் காலத்துலயும் இப்படித்தான் கூப்பிடுவாரா?

— அம்மான்னு கூட கத்த மாட்டான். விஜயா, அவ்வளவுதான். கை தன்னால நீளும். மொத வாட்டி இதக் கேட்டப்ப, நான் இந்த நாற்காலிய விட்டு எழுந்திருச்சு கைய நீட்டிட்டேன் லா. டிவிக்கு முன்னால. பைத்தியக்காரன் மாதிரி. சிரிக்கலாம். பரவால்ல.

— சிரிப்பு வரேல்ல அண்ணே. டேப் இங்கேயே இருக்கட்டும். காணாமப் போச்சுன்னு நான் பிரசிடெண்டுகிட்ட சொல்லிக்கிறேன்.

— வேணாம். எடுத்துட்டுப் போ. இந்தா.

— இப்பத்தானே தர மாட்டேன்னு நின்னீங்க?

— உனக்குக் கேட்டிச்சுல்ல, அது போதும். பிள்ளைங்களுக்கு அந்த எடத்த ஓட்டாமக் காட்டு. அவன் முட்டிய மடக்குற விதத்தப் பாக்கச் சொல்லு. கத்துறது என்னான்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லிரு.

— அண்ணே, நான் ஒண்ணு சொல்லவா? அவருக்குத் தெரியணும் இது. நீங்க இத்தன வருசம் ஒண்ணும் விளங்காம இருந்தீங்க, அவரும் அங்க அப்படித்தான் இருப்பாரோ என்னவோ. விழுற நேரத்துல வாயில வர்ற பேர் பொய்யா இருக்காது. இராசேஸ்வரி அக்காவ நான் கோயில்ல பாக்கிறதுதான். நம்பர் வாங்கித் தரேன். ஒருதரம் கதைச்சுப் பாருங்க.

— நம்பர் நானே போய் வாங்கிட்டேன்.

— எப்ப?

— போன வாரம். அக்காவுக்கு என்னை அடையாளம் தெரிஞ்சிச்சு. அன்னைக்குத் துண்டு குடுத்தத அதுவே சொல்லிச்சு.

— பிறகென்ன, பேசுங்க.

— பேசினேன். முந்தாநாளு, ஸ்டேஷனுக்கு எதுக்கால பப்ளிக் போன்ல கார்டு போட்டு.

— எடுத்தாரா?

— எடுத்தான். அதே குரல். மூக்கால பேசல. 'நான் விஜயன் பேசுறேன்'னு சொன்னேன்.

— என்ன சொன்னார்?

— 'எந்த விஜயன்'னு கேட்டான். ராங் நம்பர்னு சொல்லி வெச்சிட்டேன்.